நமது நாணயச் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கிருஷ்ணகிரி, தர்மபுரி இரு மாவட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தோம். பள்ளி மாணவர்களுக்காக நாணயக் கண்காட்சி வைத்தோம். மறைந்த மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

அடுத்தது முப்பரிமாண ஸ்கேன் வேலை. இதற்குச் சங்கப் பணம் செலவானதைப் பற்றி வெளியே பேச்சு இருப்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலரிடம் திப்பு சுல்தானின் யானை உருவம் பொறித்த காசுகள் இருக்கின்றன. 1792-ல் நம் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் சீமை ஆங்கிலேயக் கும்பினியார் கைக்குப் போவதற்கு முன் இந்த மண்ணில் புழங்கிய செப்புக் காசுகள் அவை. சேகரித்தவர் காலத்துக்குப் பிறகு வீட்டார் அவற்றை எடைக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். காசு கைமாறிப் போனாலும் அதன் உருவமாவது நம்மிடம் தங்கட்டும் என்றுதான் இதை எடுத்துச் செய்தேன்.

போட்டோ போதாதா என்று கேட்டார்கள். போட்டோவில் வெளிச்சம் விழுந்த ஒரு பக்கம்தான் எடுப்பாகத் தெரியும். முப்பரிமாண உருவத்தைத் திரையில் எப்படி வேண்டுமானாலும் சாய்த்து, வெளிச்சத்தை மாற்றி, தேய்ந்த எழுத்தைக்கூடப் படித்துப் பார்க்கலாம்.

காசைச் சுற்றிலும் பல கோணங்களில் படம் எடுக்கிறோம். ஒரே புள்ளி எந்தெந்தப் படத்தில் எங்கே விழுகிறது என்று மென்பொருள் தேடிப் பொருத்தி, மேடு பள்ளத்தைக் கணக்கிடுகிறது. பளபளப்பு இந்த இடத்தில்தான் கெடுக்கிறது. யானையின் முதுகில் மின்னும் வெளிச்சம் காசோடு ஒட்டிக்கொண்டு நகராது. காசைத் திருப்பினால் அது வேறு இடத்தில் மின்னும். மென்பொருள் அதையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்வதால், வழவழப்பான முதுகில் இல்லாத குழிகள் விழுகின்றன.

அதனால்தான் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் வாங்கினோம். விளக்குகளின் முன்னால் போலரைசர் தாள், லென்ஸில் போலரைசர் பில்டர். பில்டரை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், தாளுக்குக் குறுக்காக வரும் கட்டத்தில் மினுக்கம் சட்டென்று அடங்கி, யானையின் காதும் தும்பிக்கையும் துலக்கமாகத் தெரிகின்றன. வந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுழல்தட்டில் காசைச் சுற்றிப் பழைய செய்தித்தாளை ஒட்டினோம். அந்த எழுத்துகள் காசோடு சேர்ந்தே சுழல்வதால் படங்கள் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன. தட்டுக்குப் பின்னால் வெறும் கறுப்புத் துணிதான் இருக்க வேண்டும். அங்கே காலண்டர் போல அசையாத பொருள் ஏதாவது தெரிந்தால் மென்பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த முறை, மேலே கரும்பழுப்பு படிந்த பழைய காசுக்குத்தான் நன்றாக வரும். வெறும் உலோகம் ஒளியைக் கண்ணாடி மாதிரி அப்படியே திருப்பி அனுப்பும். போலரைசர் அதை வெட்டிவிட்டால் படம் ஒரேயடியாக இருண்டு போகிறது. எனவே உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், காசுகளைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் மதிப்பும் போகும், மேல் விவரமும் போகும், ஸ்கேனும் வராது. மினுக்கம் அடங்கப் பவுடர் தூவலாமே என்று ஓர் உறுப்பினர் சொன்னார். புதுப் பதக்கத்துக்குச் செய்யலாம். பழைய காசின் பள்ளங்களில் பவுடர் தங்கிவிடும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை.

விக்டோரியா வெள்ளி ரூபாய்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன. அவற்றுக்கு டிரேசிங் பேப்பரில் கூண்டு கட்டி, வெளிச்சத்தைப் பரவலாக்கி எடுக்க வேண்டும். அதற்கும் சரிப்படாதவற்றுக்கு கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் இடம் மாற்றி எடுக்கும் முறை இருக்கிறது. 2001-ல் எச்பி கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வெளியிட்ட முறை அது.

இந்த வேலைக்கு வந்தவர்கள் எப்போதும் அதே மூன்று நான்கு பேர்தான். மாங்காய் சீசனில் வர முடியாது என்பது புரிகிறது, மற்ற மாதங்களில் என்ன? தர்மபுரி பக்கத்து உறுப்பினர்களை இந்த ஆண்டு பார்ப்பதே அரிதாகிவிட்டது. 2004-ல் மாவட்டம்தான் பிரிந்தது, நம் சங்கம் பிரியவில்லை. சந்தா பாக்கியும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு காசைக்கூடக் காட்டாமல், சந்தாவும் கட்டாமல், சங்கப் பணம் வீண் என்று சொல்வது வருத்தமாக இருக்கிறது.

வரவு செலவு சரிபார்க்கப்பட்டுள்ளது. விளக்கு, தாள், பில்டர் தவிரப் பெரிய செலவு இல்லை. கையிருப்பு அடுத்த சில மாதங்களுக்குத் தாங்கும். கேமரா தந்த ஓசூர் அண்ணனுக்கும், அறை தந்த தலைவர் ஐயாவுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த அனைவருக்கும் நன்றி.

நாம் பயன்படுத்தும் மெஷ்ரூம் இலவச மென்பொருள்தான். ஆனால் முழு வேலைக்கும் என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். இப்போது ஊத்தங்கரை ஆசிரியர் ஐயாவின் சொந்தக் கணினியில்தான் ஓடுகிறது. எத்தனை நாள் அவரையே கேட்பது? மனமுள்ள உறுப்பினர்கள் யோசிக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வெள்ளி ரூபாய் வைத்திருப்பவர்கள் துடைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள், விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்