செல்வத்துக்கு, கோத்தகிரியிலேர்ந்து

டேய் செல்வம்,

உன் மெயில் வந்து பதினஞ்சு நாளாச்சு, பதில் போடலன்னு திட்டாத. இங்க மூணு நாளா மழை, கரண்ட் போய்ப் போய் வருது, என் கடையில ஜெராக்ஸ் மெஷின் பேப்பரைக் கக்கிட்டே இருக்கு. நேத்து ராத்திரி நம்ம ஸ்கூல் பக்கத்து பேக்கரி கதவைக் கரடி உடைச்சிருச்சு, ரெண்டு டின் வர்க்கி காலி. வேற எதையும் தொடல, ருசி தெரிஞ்ச கரடி.

நீ இருக்கற லண்டன் க்ராய்டன்ல ரோட்டோரமா போலீஸ் வேனை நிறுத்தி போறவன் வர்றவன் மூஞ்சியெல்லாம் கேமராவுல புடிக்கிறாங்கன்னு எழுதியிருந்த. 2025 ஜூலைக்கு அப்புறம் ஏதோ வெப்சைட்டு உன்னை வயசு காட்டுன்னு செல்ஃபி கேட்டுச்சாம். அம்பது தாண்டிருச்சு, தலையில முடியில்ல, உன்னப் பாத்து பதினெட்டு ஆச்சான்னு கேக்குது! என்ன வெப்சைட்டுன்னு நான் கேக்க மாட்டேன், அதை உன் வீட்டுக்காரம்மா கேக்கட்டும். ஆனா கடைசியில "மலைமேல இருக்கறதால நீங்கல்லாம் தப்பிச்சீங்க"ன்னு முடிச்ச பாரு, அதுக்குத்தான் இவ்ளோ நீட்டி எழுதறேன்.

அம்மா இன்னும் எஸ்டேட் லயன் வீட்டுலதான் இருக்கா, தனி ரேஷன் கார்டு, என்கூட வர மாட்டேன்னு அடம். சிலோன்ல சின்ன வயசுலயே கொழுந்து பறிக்க ஆரம்பிச்சு, தோட்டத் தமிழருங்களை இந்தியாவுக்கு அனுப்பின சாஸ்திரி ஒப்பந்தத்துல கப்பலேறி வந்து இங்கயும் அதே கொழுந்துதான், விரல்ல ரேகைன்னு ஒண்ணு மிச்சம் இல்ல. போன மாசம் ரேஷன் கடையில பத்து தடவ வச்சும் ரேகை விழல. கண்ணைக் காட்டுன்னாங்க, கண்புரை ஆபரேஷன் பண்ண கண்ணு, அதையும் மெஷின் ஏத்துக்கல. இருபது வருஷமா அம்மாவுக்கு அரிசி போடற ஆள்தான், பேரு, லயன் நம்பர், எல்லாம் தெரியும், ஆனா "நான் என்னம்மா பண்றது, மெஷின்ல வரல"ன்னுட்டார். அம்மா வெறும் பையோட மேடேறி என் கடைக்கு வந்துட்டா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். ரேகை விழலன்னு யாருக்கும் ரேஷனை நிறுத்தக்கூடாதுன்னு 2017லயே ஆதார் ஆணையம் சுற்றறிக்கை விட்டிருக்குடா, தேடி எடுத்து ரெண்டு காப்பி பிரிண்ட் போட்டு கொண்டு போய்க் கொடுத்தேன். மனுஷன் கண்ணாடியைப் போட்டு மெதுவா படிச்சார், எங்கயோ போன் பண்ணார், நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு அரிசியைப் போட்டுட்டார். பாவம், அவருக்கும் ஒரு பேப்பர்தான் தேவைப்பட்டிருக்கு.

அங்கன்வாடியிலயும் இதே கூத்து. 2025 ஜூலைலேர்ந்து சத்துமாவு வாங்கணும்னா தாய்மாருங்க மூஞ்சியை செயலியில காட்டி ஆதார் போட்டோவோட ஒத்துப்போகணும். பதினாலு வயசுல எடுத்த போட்டோ, இப்ப புள்ள பெத்து நிக்கிற மூஞ்சி, எப்படி ஒத்துப்போகும். டீச்சரம்மா சிக்னல் தேடி பாறை மேல நிக்கிறாங்க, கீழ கைக்குழந்தையோட வரிசை நிக்குது.

எல்லா கேமராவையும் நான் குத்தம் சொல்லல. கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரையில தண்டவாளத்தோரம் 2024 பிப்ரவரிலேர்ந்து கேமரா யானையைக் கண்டுபிடிச்சு ரயிலுக்குச் சொல்லுது, எத்தனை யானை அங்க அடிபட்டுச் செத்துருக்கு, அது நல்ல வேலைதான். யானைக்கு ஆதாரும் இல்ல, அது யார்கூட சுத்துதுன்னு யாரும் கேஸ் போடப் போறதுமில்ல. ஆனா போன வாரம் கடை வாசல்ல ஜார்க்கண்ட் பசங்க ரெண்டு பேர், எஸ்டேட்ல வேலை பாக்கறவங்க, டீ குடிச்சிட்டு நின்னாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் வந்து நிக்க வச்சு போன்ல போட்டோ எடுத்தார். எதுக்கு சார்னேன், செக்கிங்னார். அந்த போட்டோ எங்க போகுது, எத்தன நாள் வச்சிருப்பாங்க, எந்தச் சட்டத்துலன்னு கேக்க நாக்கு வரைக்கும் வந்துச்சு, கேக்கல. எனக்கும் கடை லைசென்ஸ் புதுப்பிக்கற வேலை இருக்குல்ல. உங்க நாட்டுல கார்டிஃப்காரர் ஒருத்தர், நீ எழுதின மாதிரி மூஞ்சி புடிக்கிற கேமராவுக்காக போலீஸ் மேல கேஸ் போட்டு 2020ல ஜெயிச்சார், யாரைத் தேடலாம் எங்க கேமரா வைக்கலாம்னு தெளிவா விதி எழுதலன்னு உங்க கோர்ட்டே சொல்லிச்சு. இங்க அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒம்போது நீதிபதிங்க 2017 ஆகஸ்ட்ல சொல்லிட்டாங்க, சரி, ஆனா 2023 தகவல் பாதுகாப்புச் சட்டத்துல மத்திய அரசு தனக்கு வேண்டிய அமைப்புக்கெல்லாம் விலக்கு குடுத்துக்கலாம். பூட்டும் அவங்களே, சாவியும் அவங்களே.

விகடன் கதை உனக்கு நேர்ல சொல்லலாம்னு வச்சிருந்தேன். 2025 பிப்ரவரி, சனிக்கிழமை ராத்திரி, சைட் தொறக்கல. நான் மோடம்தான் போச்சுன்னு நாலு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, மோடி விலங்கு மாட்டி டிரம்ப் பக்கத்துல உக்காந்திருக்கற ஒரு கார்ட்டூனுக்காக மொத்த சைட்டையும் முடக்கிட்டாங்கன்னு. மார்ச் 6ந் தேதி ஹைகோர்ட், அந்தக் கார்ட்டூனை இப்போதைக்கு எடுத்துடுங்க, சைட்டைத் தொறந்து விடுங்கன்னுச்சு. 1987 ஞாபகம் இருக்கா, நாம எட்டாவது. அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டசபையிலயே மூணு மாசம் தண்டனை போட்டாங்க, எதிர்ப்பு கிளம்பி ரெண்டு மூணு நாள்ல விட்டாங்க. அப்புறம் கோர்ட் 1,000 ரூபாய் நஷ்டஈடு குடுக்கச் சொல்லி, அதை அவர் ஃப்ரேம் போட்டு மாட்டினாராம். அது அராஜகம்தான், ஆனா யார் தண்டிச்சா, எந்த ஜோக்குக்குன்னு பேப்பர்ல வந்துச்சு, டீக்கடையில உக்காந்து திட்ட முடிஞ்சுது. இப்ப திரையில வெள்ளையா ஒரு பக்கம். ஐ.டி. சட்டம் 69ஏ பிரிவுல சைட்டை முடக்கினா அந்த ஆர்டரையே ரகசியமா வைக்கணும்னு 2009 விதியில இருக்கு. நெட்டுல எழுதினதுக்குக் கைது பண்ண வச்சிருந்த 66ஏ பிரிவை 2015ல சுப்ரீம் கோர்ட் தூக்கினப்ப நாம ஸ்வீட் சாப்பிட்டோமே, அதே தீர்ப்புலதான் 69ஏ செல்லும்னும் சொன்னாங்க, நாம அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்ல. இல்லாத பேப்பருக்கு நான் எங்கடா ஜெராக்ஸ் போடறது?

சரி விடு. மே மாசம் வரேன்ன, சந்தோஷம். கோயம்புத்தூர்ல கார் எடுத்தீன்னா நீலகிரி வண்டி நம்பர் டிஎன் 43 இருக்காது, அதனால மலையேற இ-பாஸ் எடுக்கணும். 2025 சீசன்ல சாதா நாள் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 தான் விட்டாங்க, ஹைகோர்ட் உத்தரவு. எனக்கு அதுல வருத்தமில்ல, முன்னாடி மே மாசத்துல குன்னூர் போக மூணு மணி நேரம் ஆகும். வெளிநாட்டு ஆளுக்கு போன் நம்பர் வேணாம், ஈமெயில் போதும். எத்தன பேர், எத்தன நாள், எங்க தங்கறன்னு கேக்கும், எங்க வீட்டு அட்ரஸே போடு. குஞ்சப்பனை செக்போஸ்ட்ல சிக்னல் சொதப்பும், அதனால எனக்கு அனுப்பிவை, பிரிண்ட் எடுத்து மேட்டுப்பாளையம் வர்ற பஸ் டிரைவர்கிட்ட குடுத்தனுப்பறேன்.

அம்மா உன்னை விசாரிச்சா. வரும்போது சாக்லேட் வேணாமாம், மூட்டு வலித் தைலம்தான் வேணுமாம்.

உன்
ரவி