சியோங்சாம் அணிந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 21 நெருங்குகிறது. 1997 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அந்தத் தேதியை இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடி வருகின்றன. தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு அந்த நாளின் கலகலப்பு மிகவும் பிடிக்கும். சீனப் பையன் ஒருவன் வேட்டி அவிழாமல் பிடித்துக்கொண்டு ஓடும் அழகே தனி. ஆனால் சியோங்சாம் என்னும் சீன உடையும் முறுக்கும் அங் கூ குவே என்னும் சீனப் பலகாரமும் மட்டுமே பாடமாகிவிடக் கூடாது.

சிறு பிள்ளைகளிடையே இனப் பாகுபாடு இடைவேளையில்தான் தலைகாட்டும், அதுவும் சிரிப்போடு. தொடக்கநிலை இரண்டில் படித்த ஒரு சிறுமி, கைகோத்து வரிசையில் நிற்கும்போது பக்கத்துப் பையன் “உன் கறுப்பு ஒட்டிக்கொள்ளும்” என்று கையை இழுத்துக்கொண்டதாகத் தமிழ் வகுப்பில் என்னிடம் சொன்னாள். வகுப்பாசிரியரிடம் அவள் வாய் திறக்கவில்லை. நற்குணம், குடிமைப் பண்பு பற்றிய பாடங்கள் தொடக்கப்பள்ளியில் தாய்மொழியில் நடப்பதால், இத்தகைய மனக்குறைகள் முதலில் தமிழாசிரியர்களான நம் காதுக்குத்தான் வருகின்றன.

அப்போது “விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்” என்று நாம் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த முறை நம்மிடம் வராது. எல்லார் முன்னிலையிலும் அவளை எழுப்பி நடந்ததைச் சொல்லச் சொல்வது அதைவிட மோசம். நான் அவளைத் தனியே அழைத்து, நான் என்ன செய்ய வேண்டும் என்று அவளையே கேட்டேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம், நாளையும் அவனோடு நிற்கச் சொல்லாதீர்கள் என்றாள். வகுப்பாசிரியர் வரிசையை மாற்றினார். பையனையும் தனியே அழைத்துப் பேசினார். சில நாள் கழித்து, யார் பெயரையும் சொல்லாமல், மெலனின் பற்றி முழு வகுப்புக்கும் விளக்கினார். எல்லார் தோலிலும் இருக்கும் ஒரே நிறப்பொருள், சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு, தொட்டால் ஒட்டாது. எட்டு வயதுக்கு இவ்வளவு போதும்.

நம் பிள்ளைகளும் சளைத்தவர்கள் அல்லர். கண்ணை இழுத்துக் காட்டிச் சீனர்களைப் போலப் பேசி நடிப்பதும், கறுத்த நண்பனைக் கட்டுமானத் தளத்து பங்களாதேஷ் ஊழியரோடு ஒப்பிட்டுக் கேலி செய்வதும் தமிழ் வகுப்பிலேயே நடக்கின்றன. அங்கே வேற்றினப் பிள்ளை யாரும் இல்லை என்பதால் கேட்டும் கேளாததுபோல் இருப்பவர்கள் உண்டு. கண்டிக்க வேண்டிய இடமே அதுதான் என்பேன். திட்ட வேண்டாம், “இதை எங்கே கேட்டாய்?” என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் வீட்டைத்தான் காட்டும்.

இந்த நாள் நினைவூட்டும் 1964 கலவரத்தையும், மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட அந்த மோதலையும், மறைக்க வேண்டியதில்லை. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு, ஊரடங்கு போட்டார்கள், வெளியே போக எல்லாரும் அஞ்சினார்கள் என்ற அளவில் நிறுத்தலாம். ஜூலைக் கலவரத்தில் மட்டும் 23 பேர் மாண்டார்கள், 454 பேர் காயமடைந்தார்கள் என்பதைத் தொடக்கநிலை ஐந்து, ஆறில் சொல்லலாம். யார் முதலில் அடித்தார்கள் என்று ஒரு மாணவன் கட்டாயம் கேட்பான். அந்தக் கேள்விக்கு ஆசிரியர் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். வகுப்பில் இருக்கும் ஒரே மலாய்ப் பிள்ளையின் பக்கம் எல்லார் பார்வையும் திரும்பிவிட்டால் பாடம் கெட்டுவிடும்.

கடைசியாக ஒன்று. இத்தகைய பாடம் நடந்த அன்றே பெற்றோருக்கு ஆசிரியரே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவது நல்லது. பிள்ளை வாய்வழியே போனால், செய்தி வேறு உருவில்தான் வீடு போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ஈசூன்.