தொட்டிக்குள் கிடக்கும் ஒயரை எடுத்துவிடுங்கள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆலயக் குழுவினருக்கும் வார்டன்மாருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. எந்த மொழியில் எழுதினாலும் பதில் வராது என்று ஆனபிறகு, எனக்கு வசதியான மொழியிலேயே எழுதிவிடுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வாசலோரம் நிற்கிற ஞானஸ்நானத் தொட்டி. 15-ஆம் நூற்றாண்டுக் கல், எட்டுப் பட்டை. ஏழு பட்டைகளில் ஞானஸ்நானம், திருமணம் முதலான ஏழு அருட்சாதனங்களின் சிற்பங்கள், எட்டாவதில் சிலுவைக் காட்சி. இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் இந்த வகைத் தொட்டி ஏறக்குறைய 40-தான் மிஞ்சியிருக்கிறது. அநேகமாக எல்லாமே இந்த நார்ஃபோக், சஃபோக் பக்கம்.

என் மகளின் ஞானஸ்நானத்துக்கு 74 வயது அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள். தொட்டியைக் காட்டலாம் என்று முந்தின நாளே கூட்டிப்போனேன். மடக்கு நாற்காலிகளை ஒவ்வொன்றாக நகர்த்தித்தான் கிட்டப் போக முடிந்தது. மூடிமேல் டீக்கோப்பைத் தட்டு, சீனிப் பொட்டலம். மூடியைத் தூக்கினேன். உள்ளே, ஈயத் தகட்டின்மேல், சுருட்டிவைத்த எக்ஸ்டென்ஷன் ஒயர். பக்கத்தில் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற கழுதை, ஒரு காது உடைந்து. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏல, பிள்ளைக்கு இதுலயா?" என்றார்கள்.

இதில் இல்லை. மறுநாள் மேசைமேல் வைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்தது. சாலட் பரிமாறுகிற கிண்ணம். விலைச் சீட்டு ஒட்டியிருந்த பசைகூட அடியில் போகவில்லை.

"எல்லாரும் பார்க்க வசதி" என்றீர்கள். சபைக்குள் வருகிற வாசலே ஞானஸ்நானம் என்பதால்தான் தொட்டியை வாசலோரம் வைத்தார்கள். இதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது!

நாற்காலி சாத்திவைத்திருக்கிற பட்டையை ஒருநாளாவது குனிந்து பார்த்தீர்களா? குருவானவர் ஒரு குழந்தையைத் தொட்டிமேல் ஏந்தி நிற்கிறார். அவருக்கு முகம் இல்லை. சீர்திருத்தத்தின் பேரில் ஆலயச் சொரூபங்களை உடைத்த காலத்தில் உளியால் சீவிவிட்டார்கள். குழந்தையின் ஒரு பாதம் மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது. அந்தப் பாதத்தில்தான் உங்கள் நாற்காலிக் கால் உரசுகிறது. போன வருடம் இல்லாத வெள்ளைக் கோடு ஒன்று இப்போது விழுந்திருக்கிறது. ஒயரை எடுங்கள், நாற்காலிகளைத் தள்ளி வையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

மந்திரக்காரர்கள் தொட்டித் தண்ணீரை எடுத்துப்போய்விடக்கூடாது என்று 1236-இல் கான்டர்பரிப் பேராயர் எட்மண்ட் தொட்டிகளை மூடிப் பூட்டச் சொன்னார். பூட்டுக் கொக்கி இருந்த பொளி நம் தொட்டி விளிம்பிலும் இருக்கிறது. அந்தக் காலத்துத் திருடன் தண்ணீருக்காவது மதிப்புக் கொடுத்துத் திருடினான். அவ்வளவு தூரம் போவானேன், இங்கிலாந்து திருச்சபையின் சட்டத்தில் எஃப் 1 பிரிவைப் படியுங்கள்: தொட்டி ஞானஸ்நானத் தண்ணீருக்கு மட்டுமே, வேறு எதற்கும் கூடாது. வேறு எதற்கும் என்பதில் கழுதையும் அடங்கும் என்று நினைக்கிறேன்.

பின்வரிசை பெஞ்சு ஒன்றை நகர்த்தச் சொன்னபோது, திருமண்டல நீதிபதியான சான்சலரின் அனுமதி வேண்டும் என்று எட்டு மாதம் இழுத்தீர்கள். சரி, சட்டம் அப்படித்தான். தொட்டியை ஸ்டோர் ரூம் ஆக்க யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்? கூரை நிதி கேட்டு அச்சடித்த அட்டையில் முதல் படமே இந்தத் தொட்டிதான். படம் எடுத்த அன்றைக்கு மட்டும் நாற்காலிகளுக்கு வேறு இடம் கிடைத்திருக்கிறது. அந்த நிதிக்கு நானும் கொடுத்தேன். ரசீதுகூட...

மன்னிக்கணும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

அக்டோபரில் எங்கள் தெருவில் இன்னொரு பிள்ளைக்கு ஞானஸ்நானம். அதற்குள் ஒயரை எடுத்து, நாற்காலிகளை நகர்த்தி, அந்தப் பிள்ளைக்காவது கல் தொட்டியில் கொடுக்க ஏற்பாடு செய்யும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். தூக்க ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை காலையில் நானே வருகிறேன். கழுதையின் காதையும் ஒட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் பெஞ்சுக் குடும்பத்தான்