கோதிக் வங்கியின் முன் நின்று பேசுபவர்களுக்கு

மெல்பேர்ன் நகரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளே,

வணக்கம். காலின்ஸ் தெருவும் குயீன் தெருவும் சந்திக்கும் முனையில், பழைய ஐரோப்பியத் தேவாலயங்களின் கோதிக் பாணியில் எழுந்த 'கோதிக் வங்கி' முன்னால் கூட்டத்தை நிறுத்திப் பேசும்போது, உள்கூரையின் தங்கரேக்கோடு கதையை முடித்துவிடாதீர்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

கட்டடத்தை வரைந்த வில்லியம் வார்டெல், மெல்பேர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா மாகாண அரசின் பொதுப்பணித் துறைக்குத் தலைமை வகித்தவர். 1878இல் நாடாளுமன்ற மேலவை நிதி ஒதுக்கீட்டை முடக்க, முதல்வர் கிரஹாம் பெர்ரியின் அரசு நீதிபதிகள், அதிகாரிகள் என்று பலரையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது. ஜனவரி 9, 'கறுப்புப் புதன்'. வேலை போன வார்டெல் சிட்னிக்குக் குடிபெயர்ந்தார். அப்புறம் பாருங்கள், விரட்டிய ஊரிலிருந்தே இந்த வேலை அவரைத் தேடிப் போனது! கொடுத்தவர் இங்கிலீஷ், ஸ்காட்டிஷ் அண்ட் ஆஸ்திரேலியன் சார்ட்டர்ட் வங்கியின் பொது மேலாளர் சர் ஜார்ஜ் வெர்டன். அவரும் ஒரு காலத்தில் அதே விக்டோரியாவின் நிதியமைச்சர்தான். 1883இல் தொடங்கிய வேலை 1887இல் முடிந்தது. கீழே கல்லா, மேலே வெர்டனின் குடித்தனம்.

புனித பேட்ரிக் பேராலயத்தை வரைந்ததும் வார்டெல்தான். வங்கிக்கு ஏன் கோயில் முகம் என்று யாராவது கேட்டால், பணம் போட வருபவருக்கு நம்பிக்கை பிறக்க வேண்டாமா என்று சொல்லுங்கள். பிறகு, அந்த நம்பிக்கைக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள்.

1880களில் மெல்பேர்னில் நிலத்தின் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. ஏறிய விலையை நம்பிக் கடன் கொடுத்தார்கள், கடனை நம்பி இன்னும் நிலம் வாங்கினார்கள். எல்லாம் சரிந்தபோது, 1893 ஏப்ரல் தொடக்கத்தில் கமர்ஷியல் வங்கி கையை விரித்தது. அடுத்த வாரமே, ஏப்ரல் 12 அன்று, இந்த வங்கியும் பணம் கொடுப்பதை நிறுத்தியது. கட்டடம் முடிந்து ஆறே ஆண்டுகள்! மே மாதத்துக்குள் இன்னும் பல வங்கிகள் அதே வழியில் போயின. இந்த வங்கி மறுசீரமைப்புக்குப் பின் மீண்டும் திறந்தது உண்மைதான், ஆனால் பணம் போட்டவர்களுக்குக் காத்திருப்பும் கடுமையான நிபந்தனைகளும்தான் கிடைத்தன. வரலாறு என்று நான் கேட்பது இதைத்தான்.

1970இல் ஏ.என்.இசட். வங்கியோடு இணைந்ததை ஒரு வரியில் சொன்னால் போதும். பக்கத்தில் வில்லியம் பிட் வரைந்து 1891இல் முடிந்த பங்குச்சந்தைக் கட்டடத்தைக் காட்ட மறக்க வேண்டாம். அதுவும் கோதிக், அதே காய்ச்சலில் எழுந்தது.

நேரம் போதவில்லையா? கூரையைப் பற்றிய பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். அண்ணாந்து பார்த்தால் அது தானாகத் தெரியும், 1893 தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்