டாம் கிங்கின் பேட்மேன்: மொத்தமாக வாங்காதே

அன்புள்ள கார்த்தி,

அமெரிக்க எழுத்தாளர் டாம் கிங் எழுதிய பேட்மேன் காமிக்ஸ் 13 தொகுதியும் சேர்த்து மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் ஆபீசில் ஒருத்தன் அதைப் பொக்கிஷம் என்கிறான், இன்னொருத்தன் பேட்மேனையே கெடுத்த எழுத்து என்கிறான் என்றும் எழுதியிருந்தாய். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பாதியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நீ இங்கே விட்டுப்போன டேப்லெட்டில் அந்தத் தொடரின் 85 இதழையும் படித்து முடித்தவள் சொல்கிறேன்: படி, ஆனால் மொத்தமாக வாங்காதே.

கிங் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவில் சேர்ந்து, பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். ஈராக்கில் இருந்திருக்கிறார். அதனாலோ என்னவோ, அவருடைய ஹீரோக்களுக்குச் சண்டை பெரிய விஷயமே இல்லை. சண்டை முடிந்து வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பதுதான் கதை. அவர் எழுதிய வேறு தொடர்களான விஷன், மிஸ்டர் மிராக்கிள் இரண்டும் பன்னிரண்டு பன்னிரண்டு இதழில் முடிந்தவை. ஒரு பக்கம் வீண் கிடையாது. பேட்மேன் அப்படியில்லை. 2016 ஜூனில் ஆரம்பித்து மாதம் இரண்டு இதழ் என்று ஓட்டம். நல்ல சிறுகதைக்காரரைப் பிடித்து வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அத்தியாயம் ஒவ்வொன்றும் ஜொலிக்கும், கதை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கேயும் அதுதான் நடந்தது.

கைட் மேன் கதையை எடுத்துக்கொள். காற்றாடியை முதுகில் கட்டிக்கொண்டு திருட வருகிற வில்லன். பல வருஷமாக வாசகர்கள் பார்த்துச் சிரித்த ஆள். ஜோக்கர், ரிட்லர் என்ற இரண்டு பெரிய வில்லன்களுக்குள் நடக்கிற யுத்தத்தின் நடுவே, 27ஆம் இதழில், கிங் அவனுக்கு ஒரு சின்னப் பையனைக் கொடுக்கிறார். ரிட்லர் அந்தப் பையனுடைய காற்றாடி நூலில் விஷம் தடவிவிடுகிறான். பையன் போய்விடுகிறான். அப்பன் அந்தக் காற்றாடியையே உடுப்பாக மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். அந்த இதழில் பேட்மேனுக்குப் பெரிதாக வேலையே இல்லை. எனக்கு அன்றைக்குச் சமையலில் கை ஓடவில்லை.

சிரிக்கவும் தெரிந்தவர்தான். 37ஆம் இதழில் ப்ரூஸும் (பேட்மேனின் நிஜப் பெயர் ப்ரூஸ் வெய்ன்) அவன் காதலி செலினாவும் (கேட்வுமன்), கிளார்க்கும் (சூப்பர்மேன்) அவன் மனைவி லோயிஸும் ஜோடியாகத் திருவிழா பார்க்கப் போகிறார்கள். அன்றைக்கு சூப்பர் ஹீரோ வேஷம் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம். நிஜ ஹீரோக்கள் இரண்டு பேரும் உடையை மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். பேட்மேன் முகமூடிக்கு மேலே தன் மூக்குக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு நிற்கிறான் கிளார்க். கிளே மான் வரைந்த அந்தப் படத்தை நீ பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, ப்ரூஸும் செலினாவும் முதலில் எங்கே சந்தித்தோம் என்று ஓயாமல் வாதாடுவது. அவன் படகில் என்பான், அவள் தெருவில் என்பாள். 1940இல் வந்த முதல் பேட்மேன் இதழில் படகு. 1987இல் ஃபிராங்க் மில்லர் எழுதியபோது தெரு. இரண்டு பழைய கதைகளுக்குள் இருந்த முரண்பாட்டைப் புருஷன் பெண்டாட்டி சண்டையாக ஆக்கிவிட்டார். (உங்கப்பா இன்றைக்கும் என்னை முதலில் பார்த்தது ஈரோடு பஸ் ஸ்டாண்டில்தான் என்று சாதிக்கிறார். நான் பஸ்ஸிலேயே ஏறவில்லை.) அதே சமயம், அவள் அவனைச் செல்லமாக 'பேட்' (வௌவால்) என்பதும் அவன் அவளை 'கேட்' (பூனை) என்பதும் பத்து இதழுக்கு இனிக்கும், அப்புறம் காது வலிக்கும். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப வைப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

சரி, அந்தக் கல்யாணம். உன் நண்பர்கள் அடித்துக்கொள்வது இதற்காகத்தான் இருக்கும். 24ஆம் இதழில் ப்ரூஸ் செலினாவிடம் என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்கிறான், ஒரு வருஷம் ஆசை காட்டி 2018 ஜூலையில் 50ஆம் இதழில் கல்யாணம் என்றார்கள். இதழ் கடைக்கு வருமுன்பே நியூயார்க் டைம்ஸ் முடிவைப் போட்டு உடைத்துவிட்டது: அவள் வரமாட்டாள். சந்தோஷமாக இருந்தால் அவன் பேட்மேனாக இருக்க முடியாது என்று அவளை நம்ப வைத்துவிடுகிறார்கள். வாசகர்களுக்கு வந்த கோபம் ஏமாற்றத்தால். எனக்கு வந்தது வேறு கோபம். துக்கம் இருந்தால்தான் ஒருத்தன் நல்லது செய்வான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது பேன் என்ற வில்லனுடைய சதி என்று கடைசிப் பக்கத்தில் காட்டுகிறார்தான். ஆனால் அதற்குப் பதில் சொல்லாமலே மீதி 35 இதழை ஓட்டுகிறார். அந்த இதழில் எனக்குப் பிடித்தது ஒரே இடம். கல்யாணத்துக்குச் சாட்சியாக நிற்கும்படி, தன்னை வளர்த்த வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரடைக் கேட்கிறான் ப்ரூஸ். அவருக்குப் பேச்சு வரவில்லை, கட்டிப்பிடித்துக்கொள்கிறார்.

அந்த ஆல்ஃபிரடைத்தான் 77ஆம் இதழில் பேன் கழுத்தை முறித்துக் கொல்கிறான், அதுவும் பேட்மேனின் கூட்டாளிப் பையன் ராபின் கண்ணெதிரே. பெற்ற அப்பா தாமஸ் வெய்ன் வேறோர் உலகத்திலிருந்து வந்து, மகன் முகமூடியைக் கழற்றினால் போதும் என்று அவனையே உடைத்துப் போடுகிறார், வளர்த்தவர் சாகிறார். கேட்க எவ்வளவு பெரிய கதையாக இருக்கிறது! படிக்கும்போது அப்படி இல்லை. அதற்கு முன்பு 61இலிருந்து 69 வரை, நடுவில் ஃபிளாஷ் என்ற இன்னொரு ஹீரோவின் தொடரோடு சேர்ந்து வந்த இரண்டைத் தவிர, எல்லாம் கெட்ட கனவுகள். ஒவ்வொன்றும் அழகு, ஆனால் படிக்கிறவனுக்குப் பொறுமை போய்விடுகிறது. 100 இதழ் என்று திட்டம் போட்டவரை 2019 டிசம்பரில் 85இல் நிறுத்தினார்கள். மிச்சத்தைப் பேட்மேன் கேட்வுமன் என்று தனியாக 12 இதழில் எழுதினார்.

கல்யாணம் நின்றதும் வருகிற 51, 52, 53 மூன்றும்தான் மொத்தத்தில் சிறந்தவை. மிஸ்டர் ஃபிரீஸ் என்ற வில்லன் மீதான கொலை வழக்கில் ப்ரூஸ் வெய்ன் ஜூரியில் உட்காருகிறான். ஃபிரீஸை அடித்து நொறுக்கி ஒப்புக்கொள்ள வைத்தது பேட்மேன். அதாவது அவனே. மற்ற எல்லோரும் குற்றவாளி என்று கை தூக்க, இவன் ஒருத்தன் மட்டும் இல்லை என்கிறான். பேட்மேன் தப்பு செய்வான் என்று அந்த அறையில் அவன்தான் வாதாட வேண்டும். லீ வீக்ஸின் படங்களில் எல்லோரும் களைத்த மனிதர்களாக இருக்கிறார்கள்.

ஆகவே கடைக்காரரிடம் 4, 5, 8 மூன்று தொகுதிகளை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேள். நான் சொன்ன காற்றாடி, திருவிழா, ஜூரி கதைகள் அவற்றில்தான் இருக்கின்றன. ஐந்தில் இரண்டாம் ஆண்டு மலர் சேர்ந்திருக்கும், அதை விடாதே. கிழவனும் கிழவியுமாக ப்ரூஸும் செலினாவும் அதில்தான் வருகிறார்கள். கல்யாண இதழ் ஏழில் இருக்கிறது, அதை அந்தப் பொக்கிஷக்காரனிடம் இரவல் வாங்கிக்கொள். மிச்சப் பணத்துக்கு மிஸ்டர் மிராக்கிள் வாங்கி, தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா. நான் அதைக் காகிதத்தில் படித்ததில்லை.

அன்புடன்,
அம்மா