மஞ்சளாகவே நின்ற குழாய்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. மூன்று மாதம் பாடுபட்டு, பென்சிலினை உடைத்துப்போடும் கிருமி நொதியான பீட்டா லாக்டமேஸில், அதன் அமினோ அமிலச் சங்கிலியின் 166-ஆம் இடத்துக் குளுடாமிக் அமிலத்தை எடுத்துவிட்டு அலனினை வைத்தாய். நொதி உடைத்தால் நிறம் மாறும் நைட்ரோசெஃபினை ஊற்றினால் சிவக்கவேண்டிய குழாய் மஞ்சளாகவே நின்றுவிட்டது. "என் நொதி செத்துப்போச்சும்மா" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரிதான் தோன்றியது, அது சாகவில்லை. பாதி வேலையில் நிற்கிறது.

நீ படித்ததுதான், எனக்காக இன்னொருமுறை கேள். பென்சிலினின் நான்கு அணு வளையத்தை உடைப்பது 70-ஆம் இடத்துச் செரின். உடைத்ததும் மருந்து அதன்மேலேயே ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டை அறுக்க ஒரு நீர் மூலக்கூறு வேண்டும். அதைத் தூண்டிவிடுவது 166. அது இருக்கும்வரை ஒரு நொடியில் ஆயிரம் பென்சிலின் போல உடைந்து விழுகிறது. நீ அதை எடுத்துவிட்டாய். இப்போது உன் நொதிக்குப் பிடிக்கத் தெரிகிறது, விடத்தான் தெரியவில்லை.

1992-இல் கனடாவின் எட்மன்டனில் இதே 166-இல் அஸ்பராஜினை வைத்துத்தான், செரினில் பென்சிலின் ஒட்டியிருப்பதைப் படிகத்தில் 1.7 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் பார்த்தார்கள். இயல்பான நொதியில் அந்தக் கோலம் கண்ணில் படுமுன் கலைந்துவிடும். நீ தோல்வி என்று நினைப்பதை அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள்.

நான் நாள் முழுக்கப் பார்ப்பது இதன் மறுமுனையை. தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து வில்லைகளை வைத்து, காலையில் திறந்தால், பென்சிலின் வகை மருந்தான அம்பிசிலினைச் சுற்றி, கிருமி வளராத வெற்று வளையமே இருக்காது. வில்லையின் விளிம்பை உரசிக்கொண்டு கிருமி வளர்ந்திருக்கும். ஆனால் செஃபோடாக்சிம் என்ற இன்னொரு மருந்தைச் சுற்றிப் பளிச்சென்று பெரிய வளையம் இருக்கும். அதே நொதியின் 238-ஆம் இடத்தில் கிளைசின் போய்ச் செரின் வந்தால் போதும், செயலிடத்தின் வாய் கொஞ்சம் விரிந்து அந்தப் பெரிய மருந்தும் உள்ளே போய்விடுகிறது, வளையமும் சுருங்குகிறது. அதற்கு விலையாக நொதி தளர்ந்துபோகிறதாம். அப்புறம், செயலிடத்துக்குத் தொலைவில் 182-இல் மெத்தியோனின் திரியோனினாக மாறி அதைத் தாங்கிப்பிடிக்கிறது. இதை முதலில் நீ சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. ரிப்போர்ட்டில் நான் 'எதிர்ப்பு உண்டு' என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் வெளியே பெஞ்சில் யாரோ ஒரு அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அதனால்தான் உன் வேலை எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

சரி, அந்த நொதியைக் கொட்டிவிடாதே. பென்சிலின் ஜி கலந்த கையோடு மூலக்கூறின் எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக் கருவியில் நொதியின் எடை பார்க்கலாமா என்று உன் கைடிடம் கேள். ஒரு பென்சிலின் ஜி-யின் எடையான 334 டால்டன் கூடியிருந்தால், மருந்து ஒட்டியபடியே நிற்கிறது என்று அர்த்தம்; இங்கே மணி எத்தனை ஆனாலும் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா