ஒரு பழைய சிப்பாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

களுவாஞ்சிகுடியில் எங்கள் பெரியப்பா அண்மையில் காலமானார். 1949இல் உருவான இலங்கை இராணுவத்தில் ஆரம்ப காலத்திலேயே சேர்ந்த தமிழர்களில் ஒருவர். 1972இல் நாடு குடியரசாகுமுன்பே ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்டார்.

1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட மறுநாள், கோடரியும் கயிறுமாக இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு வீதியில் கிடந்த தென்னைகளை வெட்டி அகற்றப் போய்விட்டார். சொந்த வீட்டுக்கே கூரையில்லை. பெரியம்மா அதற்கு நெடுநாள் ஏசினார், அது வேறு கதை.

பொழுதுபட்டால் பிள்ளைகள் திருநீறு பூசி வரிசையாக நின்று தேவாரம் பாட வேண்டும். யாருடைய சட்டைப் பொத்தானாவது கழன்றிருந்தால் பாட்டு அப்படியே நிற்கும். பூட்டிய பிறகுதான் அடுத்த அடி! ஆடியில் உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண, யால காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடப்பார்.

போர்க்காலத்தில் 'பழைய ஆமிக்காரர்' என்ற பெயரே வில்லங்கமானது. படங்களையும் பதக்கத்தையும் ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இப்படிப்பட்டவர்கள் வேறு ஊர்களிலும் இருந்திருப்பார்கள். குடும்பங்களிடம் படங்கள் மிஞ்சியிருக்கும்போதே உங்கள் ஞாயிறு பதிப்பில் அவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாமே?

வாசகர்,
களுவாஞ்சிகுடி